சென்னையிலிருந்து டொராண்டோ: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் போடும் வழி

டொராண்டோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க முதல்முறையாகக் கிளம்புகிற பெற்றோருக்கும், அவர்களுக்கு டிக்கெட் போடப்போகிற பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு ஊர் கும்பகோணம். பதினோரு வருடமாக டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறேன். அப்பா அம்மாவுக்குப் பலமுறை டிக்கெட் எடுத்திருக்கிறேன், அக்கம்பக்கத்து வீடுகளின் பெற்றோருக்கும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் முதலில் கேட்பது இரண்டே கேள்விதான். எத்தனை கிலோமீட்டர்? எத்தனை மணி நேரம்?

தேடினால் ஒரு நொடியில் பதில் வந்துவிடும். அந்தப் பதிலை மட்டும் நம்பி அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவரை அனுப்பிவைத்தால் எங்கேயாவது இடிக்கும். அந்த எண்கள் எப்படி வந்தன, எதெல்லாம் அதில் சேரவில்லை என்று தெரிந்துகொண்டால் டிக்கெட் எடுக்கும்போதே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

தூரம்: ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் உலக உருண்டை ஒன்றும் ஒரு முழம் தையல் நூலும் போதும். நூலின் ஒரு முனையைச் சென்னையில் வைத்து மறுமுனையை டொராண்டோவுக்கு இழுத்துப் பிடியுங்கள். தொய்வில்லாமல் இழுத்ததும் நூல் தானாகவே ஒரு பாதையில் போய் உட்காரும். அது மேற்கே அரபிக்கடல் பக்கம் போகாது, நேராக வடக்கே ஏறும். டெல்லிக்குப் பக்கத்தில் போய், கஜகஸ்தானைக் கடந்து, ரஷ்யாவின் உரால் மலைப் பக்கமாக நார்வேயின் வட முனைக்கு ஏறி, கிரீன்லாந்தின் பனிக்கு மேலாகக் கீழிறங்கி, கியூபெக் வழியாக டொராண்டோவுக்கு வந்து சேரும். அதுதான் மிகக் குறுகிய வழி. நீளம் ஏறக்குறைய 13,400 கி.மீ.

சுவரில் மாட்டியிருக்கும் தட்டை வரைபடத்தில் இது புரியாது. சென்னை கிழக்கே 80 பாகையில் இருக்கிறது, டொராண்டோ மேற்கே கிட்டத்தட்ட அதே 80 பாகையில். பூமிப் பந்தில் ஏறத்தாழ எதிரெதிர்ப் பக்கம் என்பதால் வடதுருவத்தின் ஓரமாகச் சுற்றிப் போவதுதான் கிட்டம். முதல்முறை வந்தபோது இருக்கைத் திரையில் கிரீன்லாந்தைப் பார்த்துவிட்டு, விமானம் வழி தப்பிவிட்டதோ என்று அம்மா பயந்து போனார். அடுத்த முறை கிளம்புவதற்கு முன் அவரையே நூலைப் பிடித்து இழுக்கச் சொன்னேன். அதற்கப்புறம் அந்தப் பயம் வரவே இல்லை.

சரி, இந்தப் பாதையில் நேரடி விமானம் இல்லை. தூரம் ஒரு தடையே அல்ல. சான் பிரான்சிஸ்கோவுக்கும் பெங்களூருவுக்கும் நடுவே உள்ள சுமார் 14,000 கி.மீ. தூரத்தை 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் வடதுருவத்துக்கு மேலாக எங்கும் நிற்காமல் பறந்து கடந்தார்கள். ஆனால் சென்னையிலிருந்து டொராண்டோவுக்குப் போக ஒரு இடத்திலாவது மாறித்தான் ஆக வேண்டும். ஆகவே உண்மையான தூரம், நீங்கள் எங்கே மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

துபாய் வழியாகப் போனால் சென்னை–துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய்–டொராண்டோ 11,080 கி.மீ., மொத்தம் 14,000 கி.மீ. லண்டன் வழியென்றால் 8,230 கி.மீ.யும் 5,700 கி.மீ.யும் சேர்ந்து 13,900 கி.மீ.க்குச் சற்று மேல். டெல்லி அந்த நூல் பாதையின் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே இறங்கி ஏறினாலும் கணக்குப்படி பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் கூடும். ஆக, எந்த வழியில் போனாலும் வித்தியாசம் 600 கி.மீ.க்குள் அடங்கிவிடுகிறது. வானத்தில் அது முக்கால் மணி நேரப் பறப்பு. தூரத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதே இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

பறக்கும் நேரம்: ஒரு எளிய கணக்கு

பெரிய பயணிகள் விமானம் மேலே ஏறிய பிறகு மணிக்கு 900 கி.மீ. வேகத்துக்குப் பக்கத்தில் போகும். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதையில் ஊர்வது எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்பதால் நான் இப்படிக் கணக்குப் போடுவேன்: கிலோமீட்டரை 850ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டு. துபாய்–டொராண்டோ 11,080ஐ வகுத்தால் 13 மணி. அரை மணியைக் கூட்டினால் பதின்மூன்றரை. டிக்கெட்டில் ஏறக்குறைய 14 மணி நேரம் என்று போட்டிருக்கும்.

அந்த மிச்ச அரை மணி எங்கே போனது? காற்றில். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்றோட்டம் ஒன்று வீசுகிறது. கனடாவுக்குப் போகும்போது அது எதிர்க்காற்று, ஊருக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும் காற்று. லண்டனிலிருந்து டொராண்டோ வர எட்டு மணி நேரம் ஆகும், திரும்பிப் போக ஏழு மணி நேரம் போதும். அதனால் திரும்பும் டிக்கெட்டில் நேரம் குறைவாக இருந்தால் தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

வான்வெளித் தடைகளும் நேரத்தைக் கூட்டும். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய, கனடா நிறுவனங்கள் ரஷ்யாவுக்கு மேலே பறக்க முடியாமல் போனது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியது. அப்போதெல்லாம் நூல் பாதையை விட்டு விமானம் சுற்றிப் போகும், பயண நேரம் கூடும். ஆகையால் பழைய கணக்கை நம்பாமல், டிக்கெட் எடுக்கும் அன்றைக்கு இருக்கிற நேர அட்டவணையைப் பாருங்கள்.

டிக்கெட்டைப் படிப்பது எப்படி

டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் நேரம். சென்னைப் புறப்பாடு இந்திய நேரம், துபாய் வருகை துபாய் நேரம், டொராண்டோ வருகை டொராண்டோ நேரம். ஒன்றிலிருந்து ஒன்றை அப்படியே கழித்தால் விடை தப்பாகத்தான் வரும்.

இந்தியாவுக்கும் டொராண்டோவுக்கும் இடையே கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம். டொராண்டோவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு மறுபடி பின்னே வைப்பார்கள். நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை. துபாயிலும் இல்லை. லண்டனில் உண்டு, ஆனால் அங்கே மாற்றுவது வேறு தேதிகளில். மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் பயணம் செய்பவர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கோடைக்காலப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் அதிகாலை 3:50க்குப் புறப்பாடு. நாலே கால் மணி நேரம் பறந்து துபாய் போய்ச் சேரும்போது இந்திய நேரம் காலை 8:05. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது, அதனால் டிக்கெட்டில் 6:35 என்று இருக்கும். அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு. 9:35க்குக் கிளம்பி 14 மணி நேரம் பறந்தால் டொராண்டோவில் அன்றே மாலை 3:35. காகிதத்தில் பார்த்தால் அதிகாலை கிளம்பி மாலையே வந்துவிட்டது போலத் தெரியும். 3:50இலிருந்து 15:35 வரை 11 மணி 45 நிமிடம். அதோடு ஒன்பதரையைக் கூட்டுங்கள், 21 மணி 15 நிமிடம். இதுதான் உண்மையான பயண நேரம். நாலே கால், மூன்று, பதினான்கு ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள், அதே விடைதான் வரும். இரண்டு வழியிலும் ஒரே விடை வராவிட்டால் எங்கோ ஒரு நேரத்தைத் தவறாகப் படித்துவிட்டீர்கள்.

திரும்பும்போது இது தலைகீழ். சனிக்கிழமை இரவு 10 மணிக்கு டொராண்டோவில் ஏறினால், 20 மணி நேரப் பயணத்துக்குப் பிறகு சென்னையில் இறங்கும்போது திங்கள்கிழமை அதிகாலை 3:30. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வானத்திலும் விமான நிலையத்திலுமே போய்விடும். திங்கள் அன்று வேலைக்கோ கல்யாணத்துக்கோ போக வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமையே கிளம்ப வேண்டும்.

தேதியில் தடுக்கி விழாதீர்கள்

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு 15ஆம் தேதி அதிகாலை 3:50க்கு டிக்கெட் போட்டிருந்தேன். 14ஆம் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்கு, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வந்திருப்பார் என்று நினைத்து ஸ்கார்பரோவிலிருந்து போன் செய்தேன். அங்கே இரவு ஒன்பதரை. "எங்கப்பா இருக்கீங்க?" என்றேன். "வீட்லதான். சாப்பிட்டுப் படுக்கப் போறேன். ஃபிளைட் பதினஞ்சாம் தேதிதானேப்பா?" என்றார்.

கும்பகோணத்திலிருந்து சென்னை விமான நிலையத்துக்குக் காரில் ஆறு மணி நேரமாவது ஆகும். அந்த நிமிடமே கிளம்பியிருந்தாலும் மூன்றரைக்குத்தான் போய்ச் சேர்ந்திருப்பார். அதற்குள் செக்-இன் கவுண்டரை மூடியிருப்பார்கள். அப்பா கேட்டதில் ஒரு தவறும் இல்லை. "15ஆம் தேதி" என்று மட்டும் சொன்னது நான். முதல் விமானத்தில் ஏறாவிட்டால் பின்னால் இருக்கும் இணைப்பு விமானமும் திரும்பும் டிக்கெட்டும் சேர்ந்தே ரத்தாகிவிடும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உடனே போன் செய்து தேதியை மாற்றியதால் டிக்கெட் தப்பியது, கட்டணம் நிறைய ஆயிற்று.

சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் இடையில்தான் கிளம்புகின்றன. அதனால் இப்போதெல்லாம் விமானத் தேதியை வாயால்கூடச் சொல்வதில்லை. "14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும்" என்று மட்டும் சொல்கிறேன். நாட்காட்டியிலும் அதைத்தான் வட்டமிடச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வீடு கணக்கு

இப்போது முழுக் கணக்கைப் போடுவோம். அதே 3:50 விமானம். மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது இரவு 12:50க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். வழியில் சாப்பாடு, நெரிசல் எல்லாவற்றுக்கும் சேர்த்து கும்பகோணத்தில் மாலை ஐந்துக்குக் கார் கிளம்புகிறது. டொராண்டோவில் மறுநாள் 3:35க்கு விமானம் தரை தொடுகிறது. இமிக்ரேஷன் வரிசை, பெட்டி வருவது எல்லாம் முடிய ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். நெடுஞ்சாலை 401இல் மாலை நெரிசலில் ஸ்கார்பரோ வர ஒரு மணி நேரம். வீட்டு வாசலை மிதிக்கும்போது 6:30. இந்திய நேரப்படி விடியற்காலை நாலு. வீட்டிலிருந்து வீட்டுக்கு 35 மணி நேரம்.

அதில் வானத்தில் இருந்தது 18 மணி 15 நிமிடம். மீதி ஏறக்குறைய 17 மணி நேரம் தரையில், காரிலும் வரிசையிலும் நாற்காலியிலும் போகிறது. பெற்றோரைச் சோர வைப்பது பெரும்பாலும் இந்தப் பதினேழு மணி நேரம்தான். டிக்கெட் தேடும்போது நாம் இதைக் கண்டுகொள்வதே இல்லை. பறக்கும் நேரத்தில் அரை மணி குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம், தரையில் மூன்று மணி நேரம் வீணாவதைக் கவனிக்க மாட்டோம்.

வெளியூர்க்காரர்கள் இரவு ரயிலைப் பிடித்து முதல் நாளே வந்துவிடுவது நல்லது. எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்திலேயே இறங்கலாம். அங்கிருந்து விமான நிலையம் பத்து கிலோமீட்டர்தான். பக்கத்தில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ பகல் முழுக்கப் படுத்து எழுந்து, குளித்துவிட்டுக் கிளம்பினால் பயணத்தின் பாதிப் பாரம் குறைந்துவிடும். மெட்ரோ ரயில் விமான நிலையத்தின் வாசல் வரை வருகிறது, ஆனால் நள்ளிரவில் ஓடாது. பெட்டிகளோடு அதை நம்பியிருக்க வேண்டாம்.

எந்த வழி? எவ்வளவு நேர இடைவெளி?

ஒரே டிக்கெட்டாக எடுங்கள், சென்னை முதல் டொராண்டோ வரை ஒரே முன்பதிவு எண்ணில். விலை குறைகிறதே என்று இரண்டு துண்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது உங்களுக்காகக் காத்திருக்காது, வேறு விமானத்தில் ஏற்றிவிட யாருக்கும் பொறுப்பும் இல்லை. பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மாறும் இடத்தில் இரண்டரையிலிருந்து நாலு மணி நேரம் இருப்பது பெரியவர்களுக்குச் சரியாக இருக்கும். ஒன்றரை மணி நேர இடைவெளியையும் டிக்கெட் விற்பவர்கள் கொடுப்பார்கள். இளையவர்கள் ஓடிப் பிடித்துவிடலாம், முழங்கால் வலி உள்ளவர்களால் முடியாது. எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் உலோக நாற்காலியில் உட்கார்ந்தே கால் வீங்கிவிடும்.

வழி என்று பார்த்தால், துபாய், அபுதாபி போன்ற வளைகுடா வழியில் முதல் பறப்பு சிறியது, இரண்டாவது மிக நீண்டது. லண்டன், பிராங்பர்ட் வழியில் இரண்டும் ஓரளவு சமம், பத்து மணியும் எட்டு மணியுமாகப் பிரியும். 14 மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார முடியாதவர்களுக்கு நான் ஐரோப்பிய வழியைத்தான் சொல்வேன். வழியில் தனியாகப் பேசச் சங்கடப்படுபவர்களுக்கு டெல்லி வழி தைரியம் தரும், இமிக்ரேஷனை நம் நாட்டிலேயே முடித்துவிடலாம். ஆனால் திரும்பி வரும்போது பொதுவாக டெல்லியிலேயே பெட்டியை எடுத்து, சுங்கச் சோதனை முடித்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்குத் தகுந்த இடைவெளி விடுங்கள்.

அமெரிக்கா வழியாக மலிவாக ஒரு டிக்கெட் கண்ணில் படும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அங்கே விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வைத்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் அந்த டிக்கெட் பக்கமே போகாதீர்கள். மற்ற நாடுகளில் நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கு என்ன விதி என்பதையும், பணம் கட்டும் முன் அந்தந்த அரசின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

டிக்கெட் எடுத்த கையோடு வீல்சேர் கேட்டுவிடுங்கள். நன்றாக நடப்பவர்களுக்கும் மாறும் நிலையத்தில் அது உதவும். தள்ளிக்கொண்டு வருபவரே சரியான வாசலில் கொண்டு விட்டுவிடுவார், அதனால் ஆங்கிலப் பலகைகளைப் படித்துத் தேடும் தவிப்பு இருக்காது. சைவச் சாப்பாட்டையும் அப்போதே பதிவு செய்யுங்கள்.

அம்மாவின் அட்டை

மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது முக்கியம். ஒரு தடித்த அட்டையில், பெரிய எழுத்தில், பயணம் முழுவதையும் இந்திய நேரத்தில் எழுதிக் கொடுங்கள். அம்மாவின் கைப்பையில் இருக்கும் அட்டை இப்படி இருக்கும்: "3:50 சென்னை கிளம்பும். 8:05 துபாய். இறங்கியதும் காலை மாத்திரை. 11:05 துபாய் கிளம்பும். பகல் 1 மணி சாப்பாடு. இரவு 8 மணி மாத்திரை. 1:05 டொராண்டோ." கைக்கடிகாரத்தை வழியில் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று ஊர் நேரத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல், கடிகாரத்தையும் அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் கிளம்புவதற்கு முன் இதே அட்டையை மருத்துவரிடம் காட்டி, எந்த வேளையை எப்போது போடுவது என்று கேட்டு அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள், மருந்துச் சீட்டோடு. ஊறுகாய் பாட்டிலைப் பெரிய பெட்டியில் வைத்துவிடுங்கள், கைப்பையில் இருந்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கொண்டுவரும் சாப்பாட்டுச் சாமான்களை கனடாவில் இறங்கியதும் கேட்கும் இடத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஊருக்குப் போன் செய்ய நேரம் பார்ப்பதற்கும் ஒரு சுலப வழி உண்டு. டொராண்டோ நேரத்தில் காலையை இரவாக, இரவைக் காலையாக மாற்றிக்கொண்டு, கோடையில் இரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஒன்றரை மணி நேரமும் கழித்தால் இந்திய நேரம். இங்கே கோடையில் காலை எட்டு என்றால், இரவு எட்டிலிருந்து இரண்டரையைக் கழிக்க, அங்கே மாலை ஐந்தரை.

கூப்பிடப் போகும் பிள்ளைகளுக்கு

விமானம் தரை தொட்ட பிறகு வீட்டிலிருந்து கிளம்பினாலே போதும். உள்ளே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும், அதற்குள் ஸ்கார்பரோவிலிருந்து டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்துக்கு வந்துவிடலாம். அங்கே 1, 3 என்று இரண்டு முனையங்கள் இருக்கின்றன, எது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலமென்றால் தடித்த கோட்டும் கம்பளித் தொப்பியும் கையோடு எடுத்துப் போங்கள், வாசலிலிருந்து கார் நிறுத்துமிடம் வரைக்குமே அவர்களுக்குத் தாங்காது.

வீட்டுக்கு வந்ததும் குளிக்க வெந்நீரும், சூடாக ரசம் சாதமும் போதும். விருந்தாளிகளை அன்றைக்குக் கூப்பிடாதீர்கள். உடம்பு இந்த ஊர் நேரத்துக்கு வர ஒரு வாரமாவது ஆகும், அதுவரை இரவு இரண்டு மணிக்கு எழுந்து சமையலறையில் விளக்குப் போட்டால் பதற வேண்டாம். போன முறை 401இல் வந்துகொண்டிருந்தபோது, வெளியே வெயில் அடிக்க, அம்மா கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல இப்ப விடியக்காலம் மூணே முக்கால்டா. பால்காரர் வர நேரம்" என்றார். அந்தக் கடிகாரத்தை மறுநாள் மதியம் வரை நாங்கள் மாற்றவில்லை.